அப்பா செத்த நேரம்

சாமி, ஒரு நிமிஷம். சங்கல்பம் ஆரம்பிச்சுடாதீங்க. தர்ப்பையைக் கீழ வைங்க. இல்ல, சாமான் எதுவும் விட்டுப் போகல. எள்ளு இருக்கு, பச்சரிசி இருக்கு, வாழைக்காய் இருக்கு, எல்லாம் என் சம்சாரம் புவனா நேத்தே பையில எடுத்து வச்சுட்டா. நாள்தான் சரியில்ல. இன்னிக்கு துவாதசி. எங்க அப்பா திதி நேத்தோட போயிடுச்சு.

உங்க அப்பா நோட்டுல துவாதசின்னுதான் எழுதியிருக்கும். தெரியும். நான் சொல்லித்தான் அவர் எழுதினாரு. நான் சொன்னது பொய்.

உட்காருங்க சாமி. படித்துறை காஞ்சுதான் இருக்கு. உங்க அப்பா முட்டி வலின்னு வராம, உங்களை அனுப்பினாரே, அதுவரைக்கும் நல்லது. அவர் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு இதைச் சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது. உங்களைவிட இருபது வயசு மூத்தவன் நான். உங்க முன்னாடி இப்படிக் குனிஞ்சு உட்காருறது வெக்கமாத்தான் இருக்கு. இருக்கட்டும். பட வேண்டியதுதான்.

எங்க அப்பாவைத் தெரியுமில்ல? தாண்டவராயன். பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரா இருந்தாரே. முப்பத்தோரு வருஷம் அந்தக் கூண்டுக்குள்ள உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்துச்சு, எத்தனை மணிக்குப் போச்சுன்னு எழுதினவரு. டிரைவர் ரெண்டு நிமிஷம் லேட்டா எடுத்தா ஊரே கேக்கத் திட்டுவாரு. வீட்லயும் அப்படித்தான். எட்டு மணி சாப்பாடுன்னா எட்டு மணிக்குத் தட்டு முன்னாடி இருக்கணும். அப்படிப்பட்ட மனுஷனுக்கு அவர் செத்த நேரத்தை மாத்தி எழுதி வச்சவன் நான், அவர் பெத்த ஒரே ஆம்பளைப் பிள்ளை.

ரெண்டு வருஷம் முன்னாடி, வைகாசி மாசம். என் பொண்ணு நித்திலாவுக்குக் கல்யாணம் ஆனியில. பத்திரிகை கொடுத்தாச்சு, மண்டபம் பேசியாச்சு. நாப்பது நாள்தான் பாக்கி. அப்ப பார்த்து அப்பா படுத்துட்டாரு. நெஞ்சுல சளி, கால் வீக்கம். ஆஸ்பத்திரியில பத்து நாள் வச்சிருந்து, இனிமே வீட்ல வச்சுப் பாத்துக்கங்கன்னு அனுப்பிட்டாங்க. எங்க வீடு தெரியுமே உங்களுக்கு. ஒரு ஹால், ஒரு ரூம், சமையல்கட்டு. ஹால்லதான் கட்டில் போட்டோம்.

பெரியவரு பேத்தி கல்யாணத்துக்கு முன்னாடி தவறிட்டாலும் பதினாறு முடிச்சுட்டு நடத்திக்கலாம், வருஷத்துக்குள்ள கன்னிகாதானம் பண்ணினா போனவருக்கும் புண்ணியம்தான்னு உங்க அப்பாவே சொன்னாரு. ஆனா கூடவே இன்னொண்ணும் சொன்னாரு. நட்சத்திரம் பார்த்துக்கப்பா, அடைப்பு வந்துடக் கூடாதுன்னாரு. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. அவிட்டம், சதயம், பூரட்டாதி, உத்திரட்டாதி, ரேவதி, இதுல உயிர் போனா ஆறு மாசம் அடைப்பு. உயிர் போன இடத்தை அடைச்சு, விளக்கு வச்சு, நல்ல காரியம் எதுவும் அந்த வீட்ல கூடாது. சம்பந்தி வீட்டுக்காரங்க பல்லி கத்தினாலே பஞ்சாங்கம் பார்க்கறவங்க. அடைப்பு விழுந்த வீட்லேர்ந்து பொண்ணு எடுக்க மாட்டாங்க.

அதனால நான் என்ன பண்ணேன் தெரியுமா? அப்பா நாடியைப் பார்க்கறதை விட்டுட்டு நாள்காட்டியைப் பார்த்துக்கிட்டிருந்தேன். புதன்கிழமை அவிட்டம். வியாழன் சதயம். ஒவ்வொரு நாளா தாண்டிட்டாரு மனுஷன். ஞாயித்துக்கிழமை காலையில பதினொண்ணு இருபது வரைக்கும் ரேவதி. அப்புறம் அசுவினி. அசுவினின்னா அடைப்பு இல்ல. ஞாயித்துக்கிழமை காலையில டாக்டர் வந்து பார்த்துட்டு, இன்னிக்குள்ள முடிஞ்சுடும்னாரு. நான் உடனே என்ன கேட்டேன்? கஷ்டப்படுவாரான்னு கேக்கல சாமி. மத்தியானம் வரைக்கும் தாங்குமான்னு கேட்டேன். அவர் என்னைப் பாசமுள்ள பிள்ளைன்னு நினைச்சு முதுகுல தட்டிட்டுப் போனாரு.

தாங்கல. பத்து பத்துக்கு மூச்சு நின்னுடுச்சு.

எனக்குத் தெரியும் சாமி, சந்தேகமே இல்ல. ஸ்கூல்ல இருபத்தி நாலு வருஷம் லேப் உதவியாளரா இருக்கேன். தவளை அறுக்கற காலத்துல எது செத்துச்சு, எது மயக்கத்துல இருக்குன்னு வாத்தியாருக்கே நான்தான் சொல்லுவேன். மூக்குக்கிட்ட கை வச்சுப் பார்த்தேன். நெஞ்சுல காது வச்சுப் பார்த்தேன். ஹால்ல நானும் அவரும் மட்டும்தான். புவனா அடுப்படியில கஞ்சி காய்ச்சிக்கிட்டிருந்தா. நித்திலா மொட்டை மாடியில துணி காயப் போட்டுக்கிட்டிருந்தா.

வாயைத் திறந்து ஐயோன்னு ஒரு சத்தம் போட்டிருந்தா முடிஞ்சுது. போடல. கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் எழுபது நிமிஷம்.

அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கமாத் திருப்பினேன். கண்ணை மூடி விட்டேன், ஒரு கண்ணு சரியா மூடல. வேட்டியைக் கழுத்து வரைக்கும் போர்த்தினேன். டேபிள் ஃபேனைத் திருப்பிக் கட்டிலைப் பார்க்க வச்சேன். காத்துல வேட்டி லேசா ஏறி இறங்கும். தூரத்துலேர்ந்து பார்த்தா மூச்சு விடற மாதிரியே இருக்கும். என் புத்தி அன்னிக்கு அவ்வளவு வேகமா வேலை செஞ்சுது. பரீட்சையில ஒரு நாளும் அப்படி வேலை செஞ்சதில்ல.

புவனா கஞ்சியோட வந்தா. தூங்கறாரு, எழுப்பாதேன்னேன். அவ திரும்பிப் போயிட்டா. பக்கத்து வீட்டு சரோஜா அக்கா எட்டிப் பார்த்தாங்க. உள்ள வராதீங்கக்கா, இப்பத்தான் கண் அசந்தாருன்னேன். அவங்களும் வாசல்லயே உட்கார்ந்துட்டாங்க.

இந்த ரெண்டு வருஷமா நான் எனக்குள்ளயே ஒரு வழக்கு நடத்திக்கிட்டிருக்கேன் சாமி. நானே வக்கீல், நானே ஜட்ஜ். போனவர் போயிட்டாரு. பத்து பத்துக்குப் போனா என்ன, பதினொண்ணு இருபத்தஞ்சுக்குப் போனா என்ன? அவருக்குத் தெரியப் போகுதா? வலிக்கப் போகுதா? இருக்கறவனுக்குத்தானே கெடுதல் பண்ண முடியும்? இல்லாதவனுக்கு எப்படிப் பண்றது? சாவு கெட்டதுன்னு சொல்றோமே, யாருக்குக் கெட்டது? செத்தவருக்கா? அவர்தான் இல்லையே. இப்படியெல்லாம் வாதம் பண்ணி, நமக்கு ஒண்ணும் தப்பில்லன்னு தீர்ப்பும் சொல்லிடுவேன். அப்புறம் ஹாலுக்கு வந்து அவர் போட்டோவைப் பார்ப்பேன். இல்லாதவரு முன்னாடி ஏன் எனக்குத் தலை நிமிர மாட்டேங்குது?

இதுல திலகாவைப் பத்தி சொல்லணும். என் தங்கச்சி. அப்ப ஒன்பது வருஷமா அவ எங்க வீட்டுப் படி ஏறாம இருந்தா. அருள்தாஸ்னு ஒரு எலக்ட்ரீஷியனைக் கட்டிக்கிட்டு அரியலூர் போயிட்டா. வேத கோயில்ல, சர்ச்சுல, தாலி கட்டிக்கிட்டா. அப்பா அவ பேச்சையே எடுக்கக் கூடாதுன்னுட்டாரு. அப்பாவைவிட நான் ரெண்டு மடங்கு குதிச்சேன். எதிர்ல வந்தா நீ யாரோ நான் யாரோன்னு போயிடுவேன்.

ஆனா படுத்த பிறகு அப்பாவுக்கு மனசு மாறிடுச்சு. புதன்கிழமை காலையில, திலகாவை வரச் சொல்லுடான்னாரு. நான், சரிப்பா, சொல்லியாச்சுன்னேன். சொல்லல. எப்படிச் சொல்றது? வெள்ளிக்கிழமை சம்பந்தி வீட்டுக்காரங்க வந்து பார்க்கப் போறாங்க. அந்த நேரத்துல இவ புருஷனோட வந்து நின்னா? கல்யாணம் முடியட்டும், அப்புறம் கூட்டிட்டு வந்துக்கலாம்னு இருந்தேன். அதுல தப்பு ஒண்ணும் இல்லையே. அப்பாவுக்கு ஒரு வேடிக்கை பாருங்க, படுத்த படுக்கையிலயும் வேலைப் புத்தி போகல. எட்டு பத்து அரியலூர் வண்டியை விட்டுட்டாளா, அப்ப அடுத்தது ஒன்பது இருபதுதான்டாம்பாரு. பதினொரு மணி ஆனா, இப்ப ஸ்டாண்டுல இறங்கியிருப்பா, நடந்து வர பத்து நிமிஷம்னு கணக்குச் சொல்லுவாரு. நாலு நாளும் இதே பாட்டு. நித்திலாவே சிரிப்பா, தாத்தா இன்னும் டூட்டியிலதான் இருக்காருன்னு.

ஞாயித்துக்கிழமை காலையில டாக்டர் போன பிறகு, புவனாவே என்கிட்ட கேக்காம திலகாவுக்குப் போன் பண்ணிட்டா. அவ ஒன்பது இருபது வண்டியில ஏறிட்டா. பத்தே காலுக்கு எனக்குப் போன் பண்றா. அப்பா போய் அஞ்சு நிமிஷம்தான் ஆயிருக்கு. அண்ணே, அப்பா இருக்காரான்னு கேட்டா. இருக்காரு, பார்த்து வாம்மான்னேன்.

பத்து அம்பத்தஞ்சுக்கு வந்தா. தடுக்க முடியல. ஒன்பது வருஷம் கழிச்சு வர்றவளை என்னன்னு தடுக்கறது? நேரா கட்டில்கிட்ட போய்க் கீழ உட்கார்ந்தா. அப்பா கையை எடுத்து ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டா. நான் சுவரோட ஒட்டி நிக்கறேன், கண்ணு கடிகாரத்துலயே இருக்கு. அவ பேச ஆரம்பிச்சா. அப்பா, நான் வந்துட்டேன்ப்பா. என்னை மன்னிச்சுடுங்கப்பா. உங்க பேரனுக்கு உங்க மூக்குப்பா. இன்னும் என்னென்னவோ. ஒரு டம்ளர்ல பால் வாங்கி ஸ்பூனால விட்டா. அது அப்படியே கடைவாய் வழியா வழிஞ்சுது. முந்தானையால துடைச்சா. வாசல்ல சரோஜா அக்கா தேம்பறாங்க, புவனா தேம்பறா.

திடீர்னு திலகா திரும்பி எல்லாரையும் பார்த்துச் சத்தமா சொன்னா. அப்பா என் கையை அழுத்தினாரு அண்ணி, இப்பத்தான் அழுத்தினாருன்னு.

நான் என்ன நினைச்சேன் தெரியுமா சாமி? பாவம், பைத்தியக்காரின்னு நினைச்சேன். ஆசையில ஏதோ தோணியிருக்கு, செத்த கை எங்க அழுத்தும்னு நினைச்சேன். அதோட இன்னொண்ணும் நினைச்சேன். நல்லதாப் போச்சு, பதினொண்ணே கால் வரைக்கும் உயிர் இருந்துச்சுன்னு சொல்ல நாலு சாட்சி கிடைச்சுடுச்சுன்னு. பதினொண்ணு இருபத்தஞ்சுக்குக் கிட்டப் போய், மூக்குல கை வச்சு, ஐயோ அப்பான்னு கத்தினேன். அழுகை நடிப்பில்ல. நிஜமாவே பொத்துக்கிட்டு வந்துச்சு. அதை நினைச்சாத்தான் எனக்கு இன்னும் அருவருப்பா இருக்கு.

உங்க அப்பா வந்து நேரம் கேட்டாரு. சொன்னேன். அசுவினி, துவாதசி, தப்பிச்சேப்பான்னு எழுதிக்கிட்டாரு. கல்யாணம் ஜாம்ஜாம்னு நடந்துச்சு. திலகாவைக் கூப்பிடல. அவளும் ஏன்னு கேக்கல.

போன வருஷம் தலை திவசத்துக்கு அவளுக்குப் போன்ல சொன்னேன், வரல. இந்தத் தடவை நேர்ல போய்க் கூப்பிட்டாத்தான் மரியாதைன்னு புவனா பிடிச்சுத் தள்ளினா. நேத்து போனேன். மத்தியானம் பன்னிரண்டு மணி இருக்கும். போய்ப் பார்த்தா, கூடத்துல ஏசுநாதர் படத்துக்குக் கீழ ஸ்டூல் போட்டு, அதுல அப்பா போட்டோ. அவ பத்தாம் வகுப்பு பாஸ் பண்ணப்ப எடுத்த படத்துலேர்ந்து அவரை மட்டும் தனியா எடுத்துப் பெருசு பண்ணியிருக்கா. முன்னாடி இலை போட்டுப் படையல். சோறு, சாம்பார், வாழைக்காய், வடை. கொல்லையில காக்காய்க்கு வச்சுட்டு வந்து கை கழுவிக்கிட்டிருந்தா. வாங்கண்ணே, நல்ல நேரத்துக்கு வந்தீங்க, அப்பா திதி, சாப்பிடுங்கன்னா.

திதி நாளைக்குத்தானேம்மான்னேன்.

அருள்தாஸ் சட்டையை மாட்டிக்கிட்டு, கடை வரைக்கும் போயிட்டு வந்துடறேன் மச்சான்னு வெளிய போயிட்டாரு. மச்சான்னு கூப்பிட்டாரு சாமி, நான் அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல. அவ சுவர்ல மாட்டியிருந்த நாள்காட்டியைக் காட்டினா. அப்பா ஏகாதசியிலதானேண்ணே போனாருன்னா. அன்னிக்கு ஏகாதசி பத்து நாப்பதுக்கு முடிஞ்சுது. அவ வந்ததே பத்து அம்பத்தஞ்சுக்கு.

உனக்கு எப்படித் தெரியும்னு கேட்டேன். கை பட்டதும் தெரிஞ்சுதான்னேன். கையெல்லாம் அப்புறம்ணே, பஸ்லயே தெரியும்னா. ஒன்பது வருஷமா என்னை நாயேன்னுகூடக் கூப்பிடாத நீங்க, பார்த்து வாம்மான்னு சொன்னீங்க. அந்த அம்மாங்கற ஒரு வார்த்தையைக் கேட்டதும் அப்பா போயிட்டாருன்னு தெரிஞ்சுடுச்சு. பஸ்லயே அழுது முடிச்சுட்டேன். வந்து பார்த்தா அவர் கண்ணு மேல ஈ உட்கார்ந்திருக்கு, நீங்க ஃபேனைத் திருப்பி வச்சுட்டு கடிகாரத்தையே பார்க்கறீங்க. நித்திலா கல்யாணத்துக்காகத்தான்னு புரிஞ்சுது. அதான் கையை அழுத்தினாருன்னு சொன்னேன்னா.

எனக்காகச் சொல்லியிருக்கா சாமி. பைத்தியக்காரின்னு நினைச்சேனே, அவ எனக்குச் சாட்சி சொல்ல வந்திருக்கா. காதுல விழாதுன்னு தெரிஞ்சே மன்னிச்சுடுங்கப்பான்னு கேட்டிருக்கா, நாலு பேர் முன்னாடி. கல்யாணத்துக்குக்கூட நான் கூப்பிடாத பொண்ணு.

அதுக்கும் மேல, ஏகாதசியில போனவரு அப்பா. யாருக்குக் கிடைக்கும்? ஊரே கையெடுத்துக் கும்பிட்டிருக்கும். அதையும் பிடுங்கிட்டேன். அதான் ராத்திரியெல்லாம் யோசிச்சு முடிவு பண்ணேன். திதியைச் சரி பண்ணிடறது. நோட்டுல ஏகாதசின்னு மாத்திடுங்க சாமி. ரேவதி, பத்து பத்து. அடைப்புக்கு ஏதாவது பரிகாரம் இருந்தா அதையும் பண்ணிடறேன். சம்பந்திக்கு மட்டும் தெரிய வேணாம். நாளைச் சரி பண்ணிட்டா எல்லாம் சரியாயிடும் இல்லையா?

என்ன சாமி? ஏன் எழுத மாட்டேங்கறீங்க?

அவ வேற ஏதாவது கேட்டாளான்னா... கேட்டா. ஒண்ணே ஒண்ணு கேட்டா. போன பிறகு நடந்ததைப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்லண்ணே, அதுக்கு முன்னாடி இருந்த நாளைப் பத்தி மட்டும் சொல்லுங்க. அப்பா என்னை எப்பவாவது கேட்டாரான்னா.

நான் என்ன சொன்னேனா?

கடைசி வாரம் அவருக்கு நினைவே இல்லம்மான்னு சொன்னேன்.

ஆமா. நினைவு இருந்துச்சு. பஸ் நேரம் சொன்னாருன்னு இப்பத்தானே உங்ககிட்ட நானே சிரிச்சுக்கிட்டுச் சொன்னேன். நாலு நாள். ஒன்றரை மணி நேரத்துல வந்துடுற ஊர்ல அவ உட்கார்ந்திருந்தா. இவரு வாசலைப் பார்த்துக்கிட்டிருந்தாரு. ஒரு போன். அதை நான் பண்ணல. எழுபது நிமிஷத்துக்குப் பரிகாரம் கேட்டு உங்க முன்னாடி உட்கார்ந்திருக்கேன். அந்த நாலு நாளை வாய் தவறிக்கூடத் தப்புன்னு சொல்லல பாருங்க. அதுல தப்பு ஒண்ணும் இல்லையேன்னு உங்ககிட்டயே கேட்டேன்.

அவ சரின்னு தலையை ஆட்டினா சாமி. கஷ்டம் தெரியாம போனாரே, அது போதும்னா. இலை போட்டா. நான் சாப்பிட்டேன். ரெண்டாவது தடவை சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

நீங்க எதுவும் சொல்ல வேணாம். உங்க முகமே சொல்லுது. இங்கயே இருங்க, எழுந்து போயிடாதீங்க. நீங்க போயிட்டா நான் திலகாவுக்குப் போன் போட்டு, சௌக்கியமான்னு மட்டும் விசாரிச்சுட்டு வச்சுடுவேன். இருங்க, கண்ணாடி இல்லாம நம்பர் தெரியல. இதானே திலகா? ம். போகுது.

ஹலோ. திலகா, அண்ணன் பேசறேன்... ஆமா, படித்துறையிலதான்... இல்ல, இன்னும் ஆரம்பிக்கல. நேத்து நீ ஒண்ணு கேட்டியேம்மா. நான் சொன்னது பொய். அப்பாவுக்கு நல்லா நினைவு இருந்துச்சு. புதன்கிழமையிலேர்ந்து உன்னைத்தான் கேட்டாரு. வரச் சொல்லியாச்சுன்னு அவர்கிட்டயும் பொய் சொன்னேன். உனக்கு நான் சொல்லவே இல்ல. வேணும்னுதான் சொல்லல...

திலகா? லைன்ல இருக்கியாம்மா?

இருக்கா சாமி. திட்டல. என்ன வார்த்தை சொல்லிக் கேட்டாருன்னு கேக்கறா.